குங்குமம் ஒட்டிய பதக்கம்

வயதானால் மனசு இளகும் என்கிறார்கள். அந்த ஆள் விஷயத்தில் எனக்கு இன்றுவரை இளகவில்லை.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் என் அண்ணன் செத்துப்போனான். உடல் விழுப்புரத்துக்கு வரவில்லை. கொஞ்ச காலம் கழித்துப் பதக்கம்தான் வந்தது, விளிம்பில் அவன் பெயரும் பட்டாள நம்பரும் பொறித்து. அம்மாவுக்கு அதுதான் பிள்ளை. அமாவாசைக்கு அமாவாசை அதைப் பலகையில் வைத்து, குங்குமத்தைக் குழைத்து விளிம்பெல்லாம் தடவி, சோறு படைப்பாள். தடவித் தடவி எழுத்துப் பள்ளங்களில் குங்குமம் இறுகிப்போய், அண்ணன் பெயர் சிவப்பாகவே தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவன் லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கிளியனூர்ப் பக்கத்து ஆள். அண்ணன் இருந்த ரெஜிமெண்டிலேயே, சண்டையெல்லாம் முடிந்து பல வருடம் கழித்துச் சேர்ந்தவன். அம்மா கோழி அடித்துப் போட்டாள். பதக்கத்தின் ரிப்பன் நைந்திருப்பதைப் பார்த்து, “குடுங்கமா, ரெஜிமெண்ட்ல புதுசு மாத்திக்கினு வர்றேன்” என்றான். அம்மா மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். அடுத்த லீவில் வந்து, ரயிலில் பெட்டியோடு திருடுபோய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அம்மா அவனைத்தான் தேற்றினாள். அதன்பிறகு வெறும் பலகைக்குப் படைத்தாள்.

சில வருடங்களில் எனக்குத் திண்டிவனத்தில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கையெல்லாம் நான்தான் தைத்தேன். அந்தப் பழக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பன்று என்னையும் ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை மிலிட்டரி, போரில் மெடல் வாங்கியவர் என்று பெண்வீட்டார் ஒரே பெருமை. காரிலிருந்து யூனிஃபார்மோடு இறங்கினான். அவனேதான். தாவணியில் பார்த்த என்னைப் புடவையில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

பொட்டு வைக்கக் கை நீட்டினேன். அவன் குனிந்தான். நெஞ்சிலிருந்த பதக்கம் முன்னால் ஆடியது. முகப்பைப் பளபளவென்று தேய்த்திருந்தான் படுபாவி, விளிம்பை மறந்துவிட்டான். அண்ணன் பெயர் சிவப்பாக என் கண்ணெதிரே நின்றது.

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பதக்கத்தைப் பிடித்து இழுத்தேன். சட்டைத் துணியும் கிழிந்துகொண்டு வந்தது. பெண்ணின் அப்பாவிடம் நீட்டினேன்.

“படிச்சிப் பாருங்க. உங்க மாப்பிள்ளை பேரா இது?”

அவர் படித்தார். பிறகு மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது, கல்யாணமும் நின்றது.

எனக்கு அது போதவில்லை. “பொருளுதான் வந்துடுச்சே, வுட்டுடுமா” என்றாள் அம்மா. அவனைப் பெற்றவள் விழுப்புரத்துக்கே வந்து என் காலைப் பிடித்தாள். காலை இழுத்துக்கொண்டேன். ரெஜிமெண்டுக்குப் புகார் போட்டேன், விசாரிக்க வந்த அதிகாரியிடம் விளிம்பைக் காட்டினேன். வாங்காத பதக்கத்தை யூனிஃபார்மில் குத்திக்கொண்டது பட்டாளத்தில் சின்னக் குற்றமில்லை. சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டைகளைப் பிடுங்கி, உள்ளே வைத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். கேள்விப்பட்ட அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குள் அம்மாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான், வற்றலாகக் காய்ந்து.

“மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஊர்ல தலை காட்ட முடியல.”

பதக்கத்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தேன்.

“படி.”

முணுமுணுத்தான்.

“தெருவுக்குக் கேக்கல. சத்தமா.”

அண்ணன் பெயரைக் கத்திப் படித்தான். எதிர்வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தக் காலத்தில் அண்ணனின் சிநேகிதர்கள் இப்படித்தான் தெருவில் நின்று அவனைக் கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து அம்மா தட்டுத்தடுமாறி வந்தாள், கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

“அவன் இன்னும் லீவுக்கு வரலியேபா. வெயில்ல நிக்கிறியே, இந்தா, குடி.”

அவன் அழுதுகொண்டே கையை நீட்டினான். நான் சொம்பை வாங்கி, தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு, அம்மாவை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.