வெள்ளிக்கிழமை பீன்ஸும் வியாழக்கிழமைத் தண்ணீரும்

யார் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் ஸ்பாசே முதலில் கெட்டிலைத்தான் தேடுவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூடியைத் திறந்து, சுட்டுவிரலை உள்ளே விட்டு அடிப்பாகத்தைச் சுற்றி ஒருமுறை தடவுவார். விரலில் ஒட்டிய பழைய சுண்ணாம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"அடேயப்பா, இது கெட்டிலா, குகையா? உள்ள வௌவால் இருக்கப் போகுது, பாத்து!"

வீட்டுக்காரி சிரித்து முடிப்பதற்குள் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தன் சோதனைப் புட்டியை நிரப்பத் தொடங்கியிருப்பார்.

வரோவ்னிட்சா நகரக் குடிநீர் நிலையத்துக்காக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுப்பது அவர் வேலை. அகலமான மனிதர். நடக்கும்போது இடது முட்டி லேசாக மடங்க மறுக்கும். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் சட்டைப் பையில் அவர் வைத்திருப்பது சோப்புக் கரைசல் நிரம்பிய ஒரு குட்டிப் புட்டி. குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் அதில் விட்டுக் குலுக்கினால் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். மென்னீர் என்றால் நுரை எழுந்து நிற்கும். கடினநீர் என்றால் திரிந்த பாலைப்போல் அழுக்கு வெள்ளையாய்க் கட்டி மிதக்கும்.

இரண்டு வருடம் முன்புவரை ஊர் முழுக்கத் திரிந்த பால்தான். சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து இறைத்த தண்ணீர் அது. கொடியில் காய்ந்த சட்டையை எடுத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டு, மீதித் துளைகள் குளிக்கிறவரை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டும். கல்யாணத்துக்குக் கெட்டில் வாங்கிக் கொடுக்க யாரும் தயங்கியதில்லை. பத்து வந்தாலும் சீக்கிரமே பதினொன்றாவது தேவைப்படும்.

பிறகு மலைக்கு அப்பாலுள்ள ஏரியிலிருந்து புதுக் குழாய் வந்தது. அந்தக் குழாயை ஸ்பாசே தன் கையாலேயே பள்ளம் தோண்டிப் பதித்ததுபோல் நடந்துகொண்டார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி புட்டியைக் குலுக்கிக் காட்டினார். "நுரையப் பாருங்க, நுரைய! மேகம் மாதிரி இல்ல?" ஊர் பார்த்தது, சட்டைகள் மடங்கின, முடி பளபளத்தது, ஊர் ஒத்துக்கொண்டது.

ஒத்துக்கொள்ளாத சமையலறை ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.

"முகம் கழுவிக்கிறேன், துணி துவைக்கிறேன், தரை துடைக்கிறேன். குறை சொல்லல," என்பார் அவர் மனைவி டஃபினா. "ஆனா உன் தண்ணியில பீன்ஸ் வேகாது, ஸ்பாசே."

"வேகும் டஃபினா. ஏரித் தண்ணி. ஒருதடவை போட்டுப் பாரேன்."

"முப்பது வருஷமா குழாயைப் பாத்தவ நான். என்கிட்டயே நுரை காட்டாத."

அந்த ஊரில் வெள்ளிக்கிழமை விரதநாள், கவிச்சி கிடையாது. எந்த வீட்டு அடுப்பிலும் பீன்ஸ்தான். பெரிய வெள்ளை பீன்ஸை வியாழன் இரவு ஊறவைத்து, மறுநாள் வெங்காயமும் காய்ந்த சிவப்பு மிளகாயும் சேர்த்து மண்சட்டியில் அடுப்பில் ஏற்றுவார்கள். டஃபினாவின் பீன்ஸ் ஊறுவதும் வேகுவதும் மலைமேல் தேவாலயத்தை ஒட்டிய ஊற்றுத் தண்ணீரில் மட்டும். ஆகவே ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலையில், ஊருக்கெல்லாம் குழாய்த் தண்ணீரின் பெருமை பேசிய மனிதர், தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு ஊற்றுக்கு ஏறுவார். இரண்டு கேன்களும் பயணம் செய்வது மகன் மெத்தோதி குழந்தையாக இருந்தபோது வாங்கிய தள்ளுவண்டியில். மெத்தோதி இப்போது ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான்.

மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் ராத்காவின் ரொட்டிக்கடை. தொப்பியால் அவளிடமிருந்து தப்பிக்க முடியாது.

"என்ன ஸ்பாசே அண்ணே, குழந்தைக்குப் பல்லு முளைச்சிடுச்சா?"

"முளைக்குது, முளைக்குது. மொதல்ல உன்னைத்தான் கடிக்கச் சொல்லியிருக்கேன்."

"ஊருக்கெல்லாம் குழாய்த் தண்ணி, உங்க வீட்டுக்கு மட்டும் ஊத்துத் தண்ணியா? வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?"

"நீ இருக்கும்போது வெளிய தெரியாம வேற இருக்குமா?"

வீட்டுக்கு வந்ததும் அவர் கேன்களைச் சமையலறை மேசைமேல் தூக்கி வைப்பார். டஃபினா கொக்கியிலிருந்து நீலக்கட்டம் போட்ட துணியை எடுத்து, கேனைக் கழுத்திலிருந்து அடிவரை துடைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தள்ளி வைப்பார். ஊற்றில் பிடிக்கும்போது சிந்தியதைத் துடைக்கிறாள் என்று ஸ்பாசே நினைத்துக்கொள்வார்.

இந்த ஜூனில் ஒரு வியாழக்கிழமை, முட்டி ரொட்டிக்கடை வாசலிலேயே நின்றுவிட்டது. ஸ்பாசே மலையைப் பார்த்தார். ராத்காவின் கடைக்குள் பளபளவென்றிருந்த குழாயைப் பார்த்தார். நாற்பது வீட்டில் புட்டியைக் குலுக்கிய தெம்பு அவருக்குள் எழுந்தது.

"ராத்கா, உன் குழாயில ரெண்டு கேன் பிடிச்சுக்கட்டுமா?"

"பாவம் பண்றீங்க அண்ணே."

"பாவம் இல்ல, பரிசோதனை. அவ வாயாலயே நல்லாருக்குன்னு சொல்ல வைக்கிறேன். அப்புறம் உண்மையச் சொல்லிடுவேன்."

மலையேறி இறங்கும் நேரத்தை ஈடுகட்ட, கடையின் உள்மேசையில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டி வைத்த சூடான புரெக் என்ற அடுக்கு ரொட்டியைத் தயிரோடு தின்றார். வீட்டுக்கு வந்து கேன்களை மேசைமேல் வைத்தார். டஃபினா எப்போதும்போலத் துணியை எடுத்தார், துடைத்தார், தொட்டிக்குக் கீழே தள்ளினார்.

மறுநாள் மதியம் ஒரு பீன்ஸை எடுத்து விரலிடுக்கில் வைத்து அழுத்தினார். அது முனகாமல் மசிந்தது.

"பாத்தியா? வெண்ணெய்! இதுக்குப் பேரு தண்ணி. உன் ஏரியில இப்படி வருமா?"

ஸ்பாசேயின் வாயில் பீன்ஸ் நிறைந்திருந்தது. அதற்குப் பின்னால் உண்மையும் நிறைந்திருந்தது. பீன்ஸை மட்டும் விழுங்கினார். இன்னும் ஒரு வாரம் புகழட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு வாரம் ஒரு கோடையாக நீண்டது. ஒவ்வொரு வெள்ளியும் டஃபினா ஊற்றைப் புகழ்ந்தார். ஒவ்வொரு வெள்ளியும் ஸ்பாசே ஜெயித்தார். ஜெயித்தது ராத்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"கப்பு குடுத்தா எங்கண்ணே வைப்பீங்க?" என்று அவள் கேட்டாள். "அலமாரியில வெச்சா அக்கா பாத்துடுவாங்களே."

அவர் சிரித்தார். ஆனாலும் உள்ளே உறுத்தியது. ஊரே சொன்ன வார்த்தையை அவர் அந்த ஒரு வாயிலிருந்து கேட்கத்தான் ஆசைப்பட்டார். இப்போது கிடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஊற்றின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

ஆகஸ்டில் மெத்தோதி விடுமுறைக்கு வந்தான். மகன் முன்னால் போட்டு உடைத்துவிடுவது என்று ஸ்பாசே முடிவுசெய்து, சோப்புப் புட்டியைக்கூடச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். டஃபினா முந்திக்கொண்டார்.

"நல்லா சாப்பிடுடா. உங்கப்பா முட்டி வலியோட வாராவாரம் மலையேறிக் கொண்டுவர்ற தண்ணி. இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான்?"

ஸ்பாசே செருமலை இருமலாக மாற்றிக்கொண்டு இன்னொரு மிளகாயை எடுத்தார்.

"இனிமே நீ ஏறாதப்பா," என்றான் மெத்தோதி. "அடுத்த வியாழக்கிழமை நான் போறேன்."

போனான். நிஜமாகவே மேலே போனான். தன் பழைய வண்டியை விசிலடித்துக்கொண்டே தள்ளி வந்து, கேன்களை மேசைமேல் வைத்தான். ஸ்பாசே செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். சமையலறையில் அடுப்புச் சூடு இன்னும் ஆறவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேன்கள் வியர்த்தன. முத்து முத்தாகத் துளிகள் கூடி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வழிந்து, மேசை விரிப்பில் குளம் கட்டின. டஃபினா நீலக்கட்டத் துணியால் துடைத்தார், தொட்டியில் பிழிந்தார், மறுபடி துடைத்தார், மறுபடி பிழிந்தார்.

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

மலையின் வயிற்றிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் பனியாய்ச் சில்லிடும். கோடையில் அதை வைத்த கேன் வியர்க்காமல் இருக்காது. வெயிலில் கிடக்கும் குழாய் வழியே வரும் ஏரித் தண்ணீர் அந்த மாதங்களில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். தண்ணீரோடே வாழ்ந்த ஸ்பாசேக்கு அன்றுதான் அது உறைத்தது. ராத்காவின் கடையிலிருந்து அவர் தள்ளிவந்த கேன் எதுவும் இந்தக் கோடையில் வியர்த்ததே இல்லை. டஃபினா ஒன்று விடாமல் துடைத்திருக்கிறார். ஒருநாளும் துணியைப் பிழிந்ததில்லை.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றார் டஃபினா. "சொட்டுதுல்ல, நகரு."

மெத்தோதி ஜெர்மனிக்குத் திரும்பினான். அடுத்த வியாழக்கிழமை ஸ்பாசே தொப்பி இல்லாமல் கிளம்பினார். ராத்காவின் குழாயில் கேன்களை நிரப்பினார். புரெக்குக்காக உட்காரவில்லை. போன வேகத்தில் திரும்பி, கேன்களை மேசைமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

டஃபினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கேன்களைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஊத்துல கூட்டமே இல்ல போல."

"இல்ல."

"நல்லதாப் போச்சு. முட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு."

கொக்கியிலிருந்து துணியை எடுத்து, காய்ந்து கிடந்த கேனைக் கழுத்திலிருந்து அடிவரை பொறுமையாகத் துடைத்து, துணியைத் தொட்டிமேல் ஒருமுறை பிழிந்து, திரும்ப மாட்டினார்.