ஈயம் ஏற்றிய மட்டை

சேஷாத்ரி என்கிற பெயரை ஜகதாம்பாள் முதன்முதலில் கேட்டது கிடர்பூரில், துறைமுகக் குவார்ட்டர்ஸ் சமையலறையில். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. அப்பாவின் ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி அக்கா யசோதாவுக்கு வரன் கொண்டு வந்திருந்தாள். பையனின் பெரியம்மாவுக்கு அந்த அத்தை ஓரகத்தி. அதனால் அந்த வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் அவளுக்குத் தெரியும். "பேரு சேஷாத்ரி. பாங்க் உத்தியோகம். பொடி கிடையாது, சீட்டு கிடையாது, சிகரெட்டைத் தொட்டதில்லை. காலம்பற கொஞ்சம் டென்னிஸ் ஆடுவான், அவ்வளவுதான்" என்று சொன்னாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. பந்து விளையாட்டுதானே, கல்யாணம் ஆனால் தானாக நின்றுவிடும் என்று சொல்லிவிட்டு, காம்பை ஒடித்து ஒடித்து முறத்தில் போட்டாள்.

நிற்கவில்லை. பவானிபூரில் குடித்தனம் வைத்து, ஒரு பிள்ளை பெற்று, அவனும் ஆஸ்திரேலியா போய் அங்கேயே நின்றுவிட்டான். பாங்கிலிருந்து மாலை போட்டு அனுப்பினார்கள். தலை மொத்தமும் வெளுத்தது. மனுஷர் மட்டும் விடியற்காலையில் வெள்ளை டிராயரை மாட்டிக்கொண்டு, தெருமுனை தாண்டி இருக்கிற சின்ன கிளப்புக்குப் போவதை நிறுத்தவில்லை.

போனால் போகட்டும். எத்தனையோ பேர் விளையாடுகிறார்கள். ஜகதாம்பாளுக்குக் குமட்டியது விளையாட்டு இல்லை, அந்த மட்டை.

அவருடைய மாமா பிள்ளை மஹாதேவன் கப்பல் வேலையாக வெளிதேசம் போனபோது வாங்கி வந்து கொடுத்தது அது. தலை ஒரு பெரிய அப்பளத்துக்கு மேல் இருக்காது. கனமோ, அம்மிக் குழவிக்குக் காம்பு வைத்தது மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அதைத்தான் பிடித்தார்களாம். பிற்பாடு உலகம் பூராவும் அகலத் தலையும் லேசுக் கனமுமாக மாறியது. கம்பெனிக்காரனே அந்த மாதிரியைச் செய்வதை நிறுத்திவிட்டான். இவர் விடவில்லை. யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று விசாரித்து விசாரித்து இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தார். இருக்கிற கனம் போதாதென்று பிடியின் தோலைப் பிரித்து உள்ளே ஈயப் பட்டையை வேறு ஒட்டிக்கொண்டார்.

அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. கிளப்பில் அவரையும் சேர்த்து ரிடையரான நாலு பேர் ஒரு கட்சி. வெங்கடராமன் என்று துறைமுகக் கணக்கில் இருந்தவர் ஒருவர், சேஷாத்ரிக்கு ஜோடியாக ஆடுபவர். மற்ற இரண்டு பேர் வங்காளிகள். நாலு பேரும் அதே மாதிரிச் சின்னத் தலை, பெரிய கனம். முதல் கோர்ட் இவர்களுடையது. அகல மட்டையோடு வருகிறவன் யாரானாலும், வயசு எத்தனை ஆனாலும், இரண்டாவது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த மட்டைக்கு இவர்கள் வைத்த பெயர் கொசு பேட். வீட்டில் பாட்டரி போட்டுக் கொசு அடிக்கிறோமே, அது.

ஆட்டம் முடிந்து மண் குவளையில் டீ குடிக்கும்போது சட்டையைத் தூக்கித் தோளைக் காட்டுவார்கள். முழங்கையை நீட்டி யாருக்கு எவ்வளவு வீக்கம் என்று பார்ப்பார்கள். யாருக்கு ஊசி போட்டது, யாருக்கு இரவில் கை மரத்துப் போனது என்று ஒருத்தர் விடாமல் சொல்வார்கள். அக்கா வீட்டுச் சாவி வாங்க ஒரு நாள் ஜகதாம்பாள் அங்கே போய் நின்றபோது இதைக் கண்ணால் பார்த்தாள். வேர்வையும் வலித் தைலமும் கலந்த அந்த நாற்றம் டாலிகஞ்சில் அவள் வீடு வரைக்கும் அவள் புடவையில் வந்தது. குஷ்டரோகி புண்ணைக் காட்டிக் காசு கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, இவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று மகள் மதுவந்தியிடம் சொன்னாள்.

இப்படியே போயிருந்தால் அவளுக்கு என்ன வந்தது? யசோதாவுக்கு வாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியதே தவிர, புத்தி தெளிவாக இருந்தது. பகலுக்கு மாலதி என்று ஒரு ஆயா வந்தாள். எட்டு மணிக்குத்தான் வருவாள், சாயங்காலம் போய்விடுவாள். மற்ற நேரம் யசோதாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதும், பாத்ரூமுக்குக் கொண்டு போவதும் சேஷாத்ரி. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். எதிரில் நின்று, தன் வலது கையை அவளுடைய இடது அக்குளுக்குக் கீழே கொடுப்பார். அவள் தன் நல்ல கையை அவர் கழுத்தில் போட்டுக்கொள்வாள். 'ம்' என்று ஒரு சத்தம், அவள் எழுந்து நிற்பாள். ஆயா தூக்கினால்கூட யசோதா உடம்பை விறைத்துக்கொண்டு அழுவாள். அவர் கை பட்டால் பயமில்லை. ஆக அந்த வீட்டில் எல்லாம் ஒரு வலது கையில் நின்றது.

அந்தக் கைதான் போக ஆரம்பித்தது. சட்டை மாட்ட முடியவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தோளில் இருக்கிற நரம்புக் கயிறு இற்றுப் போன சேலை மாதிரி இருக்கிறது, இனிமேல் ஆடக் கூடாது, ஆடித்தான் தீர வேண்டுமென்றால் லேசான மட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சேஷாத்ரி முதல் பாதியைக் கேட்டு ஒன்றரை மாசம் வீட்டில் இருந்தார். இரண்டாவது பாதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லேசு மட்டையால் அடித்தால் அது தன் அடியே இல்லையாம், மட்டை அடிக்கிற அடியாம்.

அந்த ஒன்றரை மாசத்தில் ஒரு நாள், மட்டையில் கட்டின நரம்பு பழசாகிவிட்டது, கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வா என்று மூன்று மட்டைகளையும் ஜகதாம்பாளிடம் கொடுத்தார். அவள் வாயெல்லாம் கசப்போடு அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜதின் தாஸ் பார்க்கில் மெட்ரோ ஏறினாள். எஸ்பிளனேடில் மதுவந்தி ஆபீஸ் முடிந்து வந்து சேர்ந்துகொண்டாள். யோசனை அவளுடையதுதான். பிடிக்குள் ஒட்டியிருக்கிற ஈயத்தை எடுத்துவிடச் சொன்னால் என்ன, வெளியே ஒன்றும் தெரியாதே என்றாள். கடைக்காரன் சிரித்துக்கொண்டே பிரித்தான். உள்ளே இருந்து வந்த ஈயப் பட்டைகள் கறுத்து, வேர்வை ஊறி, செத்த பல்லி மாதிரி இருந்தன. ஜகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சேஷாத்ரி மட்டையைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்தார். ஓய்வு கொடுத்ததில் கைக்குப் பலம் வந்திருக்கிறது, மட்டை இறகு மாதிரி இருக்கிறது என்றார். ஜகதாம்பாள் அக்காவின் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

அதிலிருந்து தோள் வலி குறைந்தது. மழை முடிந்து நவராத்திரிப் பூஜோ வந்து, பனிக்காலமும் போனது. யசோதா ஒரு நாள்கூடப் பயப்படவில்லை. பூஜோப் பந்தல் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது சேஷாத்ரி அவளைத் தூக்கி டாக்ஸியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். கிளப்பில் பெயருக்கு ஒரு கோப்பை ஜெயித்தார். அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "பாத்தியா ஜகதா, கனம்னா கனம்தான். இந்த வயசிலே லேசு மட்டையைப் பிடிக்கிறவன் தோளைக் கெடுத்துப்பான். கனம் இருந்தா அதுவே அடிச்சுடும், தோளுக்கு வேலையே இல்லை. டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றார்.

அவளுக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் போல வாய் துறுதுறுத்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து, நல்ல கையால் கோப்பையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜகதாம்பாள் எழுந்து போய்ப் பால் காய்ச்சினாள்.

மாசி மாசம் வெங்கடராமனின் மட்டையில் நரம்பு அறுந்தது. அவர், பக்கத்தில் இருந்த சேஷாத்ரியின் மட்டையை எடுத்து ஒரு பந்து அடித்தார். நின்றார். கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு முதல் கோர்ட்டும் இரண்டாவது கோர்ட்டும் கேட்கிற மாதிரி, "என்ன ஓய், எப்போலேர்ந்து கொசு அடிக்க ஆரம்பிச்சீர்?" என்று கேட்டார். அங்கேயே பிடியைப் பிரித்தார்கள். உள்ளே வெறும் கட்டை.

சேஷாத்ரி வீட்டுக்கு வந்தபோது ஜகதாம்பாள் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் மட்டையை அவள் காலடியில் போட்டார்.

"யார் எடுத்தா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன் அத்திம்பேர். ஈயத்தைத்தானே எடுத்தேன், உங்க கையை எடுக்கலையே."

"இத்தனை மாசமா நான் ஜெயிச்சதெல்லாம் என்ன ஆறது?"

"இத்தனை மாசமா அக்கா கீழே விழாம இருந்தாளே, அது என்ன ஆறது?"

"உனக்குப் புரியாது. அது என் ஆட்டமே இல்லை. நாலு பேர் நடுவிலே என்னைப் பொய்யா ஆட விட்டிருக்கே."

"வலி இருந்ததா? அதைச் சொல்லுங்கோ. ஒரு நாளாவது வலிச்சுதா?"

அவர் குனிந்து மட்டையை எடுத்துக்கொண்டார். யசோதா குழறிக் குழறி, "அவர் கை. அவர் இஷ்டம். விடு" என்றாள். ஜகதாம்பாளுக்கு அவள்மேலும் அருவருப்பாக வந்தது. வாரின தலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தாள். அத்திம்பேரிடம் கெஞ்சினாள், அதையும் சொல்ல வேண்டும். ஆடுங்கள், லேசாகவே ஆடுங்கள், இரண்டாவது கோர்ட்டில் ஆடினால் உயிரா போய்விடும் என்று கேட்டாள். இரண்டாவது கோர்ட் என்றதும் அவர் முகம், யாரோ எச்சில் இலையை நீட்டின மாதிரி ஆயிற்று.

அந்த வாரத்திலேயே ஈயம் திரும்ப ஏறியது. முன்னை இருந்ததைவிட அதிகமாகவே ஏறியது. பிடியில் மட்டும் இல்லை, தலை ஓரத்திலும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒட்டிக்கொண்டார். வெங்கடராமன் வாங்கித் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினாராம். மறுபடி முதல் கோர்ட், மறுபடி தைலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜகதாம்பாள் இட்லி எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டு மணி ஆகவில்லை, ஆயா இன்னும் வரவில்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே யசோதா தரையில் கிடந்தாள். ஒரு கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் சேஷாத்ரி வேர்த்த பனியனோடு உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் துணி மாதிரிக் கிடந்தது. பாதி தூக்கும்போது தோளில் ஏதோ படீரென்று அறுந்ததாம், பிடி விட்டுப் போய்விட்டதாம். இடது கையால் அவளை இழுத்துப் பார்த்திருக்கிறார். அவள் கத்தியதும் விட்டுவிட்டார். அத்தனைக்கும் நடுவில் ஜகதாம்பாள் கண்ணில் பட்டது சாப்பாட்டு மேஜை. அதன்மேல் மட்டை, துடைத்து, உறையில் போட்டு, ஜிப் இழுத்து வைத்திருந்தது. கிளப்பிலிருந்து வந்ததும் முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் பெண்டாட்டியிடம் போயிருக்கிறார்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "கனம் காரணம் இல்லை ஜகதா. இன்னிக்கு சரியா வார்ம் அப் பண்ணலை" என்றார்.

ஜகதாம்பாள் இட்லிப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு ஆம்புலன்சுக்கு போன் பண்ணினாள்.

யசோதாவுக்கு இடுப்பு எலும்பு. சேஷாத்ரிக்குத் தோள், இந்த வயசில் தைத்தாலும் ஒட்டாது என்று டாக்டர் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளப் மனிதர்கள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். யசோதா இருந்த வார்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சேஷாத்ரியைச் சுற்றி நின்றுகொண்டு, எந்த இடத்தில் ஈயம் ஒட்டியிருக்கக் கூடாது, தலையில் ஒட்டினால் பிடியிலும் அதே அளவு ஒட்ட வேண்டும் என்று பேசினார்கள். கிளம்பும்போது வெங்கடராமன் வராந்தாவில் ஜகதாம்பாளை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். மன்னி எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து அவளும் போனாள். "அந்த மூணு மட்டையும் இனிமே அவருக்கு வேண்டாம், இல்லையா? சும்மா கிடந்தா வீணாயிடும். இப்போ எங்கேயும் கிடைக்கறதில்லை, பாருங்கோ" என்றார்.

"உங்க தோள் இன்னும் ஒட்டிண்டிருக்கா?" என்று கேட்டாள் ஜகதாம்பாள். அவர் சிரித்துக்கொண்டே முழங்கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். அவள் திரும்பி வார்டுக்குள் போய்விட்டாள்.

அக்காவை டாலிகஞ்சுக்கே கொண்டு வந்தாள். மதுவந்தி தன் அறையைக் கொடுத்தாள். இரவுக்கும் ஒரு ஆயா வைத்தார்கள். யசோதா முதல் மாசம் யாரையும் தொட விடவில்லை. அவர் வரட்டும், அவர் தூக்கினால் நிற்பேன் என்று அதையே சொன்னாள். அவருக்குக் கை இல்லை அக்கா என்று சொன்னால், வரும் என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு ஜகதாம்பாளுக்குக் காது புளித்துப் போயிற்று.

ஒரு தடவை சேஷாத்ரி ஆட்டோ பிடித்து வந்தார். கட்டில் ஓரம் நின்றார். யசோதா நல்ல கையை அவர் கழுத்துக்காக உயர்த்தினாள். அவர் இடது கையை முன்னால் கொண்டு போனார். ஜகதாம்பாள் நடுவில் வந்து நின்றாள். "வேண்டாம் அத்திம்பேர். காபி குடிச்சுட்டுப் போங்கோ" என்றாள். அவர் காபி குடித்தார். போகும்போது யசோதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது யார்மேல் கோபம் என்று ஜகதாம்பாள் கேட்கவில்லை.

சேஷாத்ரி இப்போது பவானிபூர் வீட்டில் தனியாக இருக்கிறார். ஆயா மாலதி ஒரு வேளை வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். காலையில் கிளப்புக்குப் போய், முதல் கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.