சுவருக்கு அந்தப் பக்கத்துச் சொற்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரி கிளீனர், பரோட்டா மாஸ்டர், சென்னையில் டைப் அடிக்கிற வேலை என்று சுற்றிவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய பட்டுக் கடைக்கு இணைய வேலை பார்க்க வந்தேன். தேடுபொறியில் கடையை முதலில் வரவைக்க வேண்டும். அதற்காகக் கல்யாணம், சமையல், கோயில் என்று வேறு தளங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பேன். நடுவே சில சொற்கள் நீல எழுத்தில் இருக்கும். அழுத்தினால் கடையின் பக்கம் திறக்கும். எந்தச் சொற்களை நீலமாக்குகிறோமோ, அவற்றைத் தேடுகிறவர்களுக்குக் கடை கண்ணில் படும். ‘இங்கே அழுத்தவும்’ என்று போட்டால் பயனில்லை. வாங்குகிறவர் வாயில் வருகிற சொல் வேண்டும்.

அது எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது. ஊரை ஒட்டிய ஐயம்பேட்டையில் ஒரு நெசவு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும் சொந்தமாக நெய்து, தங்கள் சின்ன இணையப் பக்கத்தைப் பார்த்து அழைப்பவர்களுக்கு விற்றார்கள். தறிச் சத்தத்தில் எதுவும் தப்பாகிவிடக் கூடாதென்று, கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அக்கா போனில் பதில் சொல்வார்.

“தறிக்காரர் வீட்ல நேரா கோர்வைப் பட்டு கெடைக்குமான்னா கேக்கறீங்க? கெடைக்கும்மா. கரையும் உடலும் தனித்தனியா ஓட்டிக் கோக்கறது, பிச்சிக்கினு வராது.”

மறுநாள் கடைக்கான கட்டுரையில் ‘தறிக்காரர் வீட்டுக் கோர்வைப் பட்டு’ என்பதை நீலமாக்கினேன். கடையில் ஒரு தறிகூடக் கிடையாது. ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட்டால் தேடுபொறி சந்தேகப்பட்டுப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்று தெரியும். அதனால் மாற்றி மாற்றிப் போட்டேன். அக்காவுக்குத்தான் தினம் புதுப்புது அழைப்புகள் வந்தனவே.

தேடலில் கடை மேலே ஏறியது. முதலாளி ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். எனக்கு உறைத்தது சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடிக்காமல் போனபோதுதான்.

“இன்னாம்மே, போனு செத்துப்போச்சா? இன்னைக்குத்தான் தறி ஓடற சத்தம் எனக்கே கேக்குது” என்றார் கணவர்.

“நீ ஓட்டுய்யா பேசாம” என்ற அக்கா, என்னிடம் வந்தார். “தம்பி, நம்ம பக்கம் கீழ பூட்ச்சாம். நீ கம்ப்யூட்டர் வேலதானே, பாரேன்பா. மடிச்ச பொடவ மடிச்சபடி இருக்குது. விக்கலன்னா உங்க கடையிலயே பாவு நூல் வாங்கிக் கூலிக்குத்தான் நெய்யணும்.”

பார்க்கிறேன் என்றேன். என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. கிடைத்த தளங்களில் எல்லாம் அக்காவின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தேன். கடைக்குச் செய்தபோது இருந்த நிதானம் அப்போது இல்லை. இருப்பதிலேயே வலுவான சொல்லை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற பதைப்பில், ‘தறிக்காரர் வீட்டுக் கோர்வைப் பட்டு’ என்று எல்லாவற்றிலும் ஒன்றையே போட்டேன். கீழே கிடந்த பக்கம் தேடலிலிருந்து அடியோடு காணாமல் போனது.

“வுடுப்பா. நீயாவது மெனக்கெட்டியே” என்று அக்கா ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். கொடுத்ததை எப்படித் தள்ளுவது?

போன வாரம் ஷேர் ஆட்டோவில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மடியில் எங்கள் கடைப் பை.

“உன் பேர சொன்னேன்பா. தெரிஞ்சவங்கன்னு நல்ல பாவு நூலா எடுத்துக் குடுத்தாங்க, கூலிக்கு நெய்ய.”

ஒரு ஊரில் முகம் கொடுக்க முடியாமல் போனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என் வழக்கம். இந்தமுறை கிளம்பவில்லை. கடைக்கு நான் போட்ட இணைப்புகளில் அக்காவின் சொற்களை எடுத்துவிடச் சொல்லித் தளக்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலர் எடுத்தார்கள். பலரிடமிருந்து பதில் இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும்; போகட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் கடைக்காக. அக்காவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.