மணி அடித்தால் எடுக்காதே

எப்சிபாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ராஸ் அல் கைமாவில் ஒரு ஃபிளாட்டை நாங்களும் அவர்களும் பங்கு போட்டுக் குடியிருந்தோம். ஆளுக்கு ஓர் அறை, அடுப்படி பொது. நாங்கள் காயல்பட்டினம், அவள் சாயர்புரம். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். இங்கே என்னை அக்காவாக்கி, லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கிளினிக்கில் நர்ஸ். குவாரியில் கை நசுங்கி வருகிறவனுக்குப் பதறாமல் கட்டுப் போடுவாளாம். வீட்டுக்கு வந்தால் லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். பல்லியைக் கண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஊரிலிருந்து நான் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த மீன்சட்டி அப்படித்தான் போனது. அன்றைக்கு நான் திட்டிய திட்டில் இரண்டு நாள் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

அவள் புருஷன் ஆசீர், சிமெண்ட் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அவர்கள் சபைக்காரர்கள் கென்யாவில் ஒரு மிஷன் ஊழியத்தோடு சேர்ந்து ஒரு வருஷம் வேலை செய்வதென்று தீர்மானித்தார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி, தாய்மார்களுக்கு மருந்து, கிராமத்து ஆஸ்பத்திரிக்குக் கரண்டும் தண்ணீர் மோட்டாரும். கரண்ட் வேலைக்கு ஆள் வேண்டுமே, இந்த மனுஷன் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் இருந்தது எப்சிபாவின் விசாவில். அவள் இங்கே டியூட்டி பார்த்தால்தான் இரண்டு பேருக்கும் இந்த நாட்டில் இடம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டாதீர்கள் என்று நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிரித்தார். அவளுக்கோ அவரை அனுப்பப் பயம். ஊழியத்துக்குப் போகிறவரைத் தடுத்தால் கர்த்தருக்கு என்ன பதில் சொல்வது என்று அதற்கும் ஒரு பயம்.

அந்த வருஷம் முழுக்க நல்ல சேதிகள்தான் வந்தன. மோட்டார் ஓடுகிறது, பிள்ளைகள் வரிசையில் நின்று கஞ்சி குடிக்கிறார்கள் என்றெல்லாம் சொல்வார். நடுவில், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும் என்று ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார். திரும்பிவர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இரண்டாயிரத்து ஏழு முடிகிற நேரம் அங்கே தேர்தல் நடந்தது. முடிவு வந்ததும் ஊரே பற்றிக்கொண்டது.

டிவியில் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் வெட்டுகிறான். ஒரு சர்ச்சுக்குள் ஒளிந்திருந்த பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கொளுத்திவிட்டார்களாம். ஆசீர் இருந்ததும் ஒரு சர்ச் வளாகம்தான். எந்த ஊர், எந்த சர்ச் என்று தெரிகிறவரை எப்சிபா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அது வேறு ஊர் என்று தெரிந்தபிறகு பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் ஆசீரிடமிருந்து போன் வந்தது. விரட்டப்பட்ட பெண்கள் பிள்ளைகளோடு அவர்கள் வளாகத்துக்குள் வந்து அடைந்திருக்கிறார்களாம். வெளியே பாதையெல்லாம் கற்களும் அரிவாளுமாம்.

"எப்சி, கடையெல்லாம் அடைச்சிட்டாவ. போன் கார்டு கிடைக்கல, கரண்டும் இல்ல. தினம் சாயங்காலம் ஒரு ரிங் விடுதேன். மணி அடிச்சா நான் உசுரோட இருக்கேன்னு நெனச்சுக்க. எடுத்துராத. எடுத்தா இருக்குத பைசாவும் போயிரும்."

மிஸ்டு கால் கல்ஃப்காரர்களுக்குப் புதிதா என்ன? கீழே வா, சோறு ரெடி, டியூட்டி முடிந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு ரிங்தானே. அதை எடுக்கிறவன் மடையன். என் வீட்டுக்காரர் செய்கு அலாவுதீன் போன் கார்டு கடைதான் வைத்திருந்தார். ஆனாலும் அந்தக் கென்யா நம்பருக்கு இங்கிருந்து பணம் போட வழியில்லை என்று கையை விரித்துவிட்டார். ரிங் விட்ட கையோடு சார்ஜ் மிச்சம் பிடிக்க ஆசீர் போனை அணைத்துவிடுவார். திருப்பி அடித்தாலும் பயனில்லை.

அதன்பிறகு சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிகிற நேரம் வந்தாலே வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். எப்சிபா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு ரிங் அடித்து ஓயும். அவள் மூச்சு விடுவாள், நானும் விடுவேன். அன்றைய சோறு அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இறங்கும்.

ஒரு சாயங்காலம் ரிங் அடித்தது. ஓயவில்லை. மூன்றாவது, நான்காவது என்று அடித்துக்கொண்டே போனது. எப்சிபா என்னைப் பார்த்தாள். எடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, எடுக்காதே என்று சொல்லவும் வரவில்லை. யா அல்லாஹ், ஆபத்தில் இருக்கிற மனுஷன் கூப்பிடுகிறானோ என்னவோ! அவள் எடுத்துவிட்டாள்.

பேசியது ஆசீர் இல்லை. ஒரு பெண். புரியாத பாஷையில் அழுதாள். எப்சிபா "அவிய எங்க, அவிய எங்க" என்று கத்தினாள். அந்தப் பெண் "ஆசீர், ஆசீர்" என்று இரண்டு தடவை சொன்னாள். அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. திருப்பி அடித்தால் போன் அணைந்து கிடந்தது.

மறுநாள் மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சபைக்காரர்கள் யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஒரு தகவலும் இல்லை. அந்தப் பெண் சாவுச் சேதிதான் சொன்னாள் என்று எப்சிபா முடிவு கட்டிவிட்டாள். லீவு போட்டு வேலை போனால் விசாவும் போய்விடும் என்று அந்த நிலையிலும் டியூட்டிக்குப் போனாள். வந்ததும் அறைக்குள் முழங்காலில் விழுந்து கிடப்பாள். நான் ஒவ்வொரு தொழுகையிலும் அந்த மனுஷனுக்காகக் கையேந்தினேன். அவளைத் தனியாக விட எனக்குப் பயம். அறைக் கதவை அவள் பூட்ட நான் விடவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். நைரோபியிலிருந்து ஆசீர் கூப்பிட்டார். ராணுவம் காவல் வர, லாரியில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். குரலைக் கேட்டதும் எப்சிபா போனை என்னிடம் நீட்டிவிட்டாள். நான்தான் போனை வாங்கி, "ஒழுங்கா வீடு வந்து சேருங்க" என்று சத்தம் போட்டேன். போட்டுவிட்டு அழுதேன்.

வந்து சேர்ந்தார். பாதி ஆளாகியிருந்தார். பக்கத்து ஃபிளாட்டில் கதவு அடைத்தால் எழுந்து நின்றுவிடுவார். இனிமேல் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றார். அவர் வந்த அன்று மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். சாப்பாட்டின் நடுவே எப்சிபா கேட்டாள், அன்றைக்குப் போனில் அழுத பெண் யார் என்று. ஆசீர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் மறுபடியும் கேட்டாள்.

அந்த வளாகத்தில் இருந்தது அந்த ஒரு போன்தானாம். நம் மிஸ்டு கால் வித்தையை அங்கிருந்த பெண்களுக்கும் அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெளியூரில் வேலையாக இருந்த புருஷன்மாருக்கு ஒவ்வொருத்தியும் தினம் ஒரு ரிங் விடுவாள். வன்ஜிக்கு என்ற பெண் அன்றைக்கு அவசரத்தில் நம்பர் தவறி எப்சிபாவை அழைத்துவிட்டாள். நிறுத்தத் தெரியாமல் பதறி, ஆசீரைக் கூவி அழைத்திருக்கிறாள். எப்சிபா எடுத்ததும் மிச்சமிருந்த பைசா போய்விட்டது. மறுநாளிலிருந்து யாருக்கும் ரிங் இல்லை.

"அவ வீட்டுக்காரருக்கும் போகலியா?" என்று எப்சிபா கேட்டாள்.

"போகல. ரிங் வரலன்னதும் அவ செத்துட்டான்னு நெனச்சு, தேடிப் புறப்பட்டுட்டான். வழியெல்லாம் மறிச்சு வெட்டுதானுவ. நாங்க வெளிய வார வரைக்கும் அவன் வந்து சேரல."

எப்சிபா எழுந்து கை கழுவினாள். திரும்பி வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"நீங்க திரும்பிப் போங்க. அவரத் தேடுங்க."

ஆசீர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, செத்துப் பிழைத்து வந்த மனுஷனை நீயே கொண்டுபோய்த் தள்ளுகிறாயா, கலவரம் பண்ணினவன் எவனோ, போனை எடுத்ததற்கு நீ என்ன செய்வாய் என்று வாய் வலிக்கிற வரைக்கும் கேட்டேன். அவள் அறைக்குள் போய் அவருடைய பெட்டியை இழுத்து, துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். ஒரு சட்டையைச் சரியாக மடிக்க முடியாமல் மூன்று தடவை உதறினாள். நான் பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பல்லியைக் கண்டால் ஓடுகிறவள்தானே நீ, உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு லாத்தா. ஈரக்குல நடுங்குது. அவளுக்கும் இப்படித்தான இருக்கும்?"