நான் எழுதிக் கொடுத்த இரண்டு விளக்கங்கள்

அந்தக் கரும்பலகை இப்போதும் எனக்குத் தெரிகிறது. ஐந்து ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஓரிடம் வெறும் கோடாக விடப்பட்டிருக்கும். அங்கே ‘ஐ’ வருமா ‘மீ’ வருமா, ‘ஹீ’யா ‘ஹிம்’மா என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். வாக்கியங்கள் என்னுடையவை. எழுத்து கணக்கு சாருடையது. என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும்.

தோவாளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. திருவிதாங்கூர்-கொச்சி அரசு நடந்த காலம். நான் ஆங்கிலத்துக்கும் அவர் கணக்குக்கும் தற்காலிக வாத்தியார்கள். ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவர் முட்டத்துக் கடற்கரைக் குடும்பத்தில் முதல் சம்பளக்காரர். தமிழ்ப் பரீட்சை மட்டும் எழுதி வாத்தியாரானவர். மேல்பரீட்சைக்காக மாலை நேரங்களில் என்னிடம் ஆங்கிலம் படித்தார். “வெள்ளைக்காரன் ஒரு நேரம் ஹீங்கான், மறுநேரம் ஹிம்ங்கான். நம்ம ஊர்ல அவன்னா அவன்தான் வே” என்று சிரிப்பார்.

வேலை நிரந்தரமாவது இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பதில் தெரிந்த பிள்ளை வலக்கையைத் தூக்க வேண்டும். தெரியாத பிள்ளை இடக்கையைத் தூக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லாக் கையும் மேலே தெரியும்; நான் வலக்கைகளை மட்டும் எழுப்பிக் கேட்பேன். கணக்கு சாருக்கு இது பிடிக்கவில்லை. “வேண்டாம் வே. தெரியாதவன் சும்மா இருக்கட்டு” என்றார். நான் விடவில்லை. கடைசியில் அவரும் என்னோடு நின்று பிள்ளைகளைப் பழக்கினார்.

இன்ஸ்பெக்டரும் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர் என்பதை நான் யோசிக்கவில்லை. வந்த அன்று வகுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, வரிசையாக மூன்று இடக்கைகளை அவரே எழுப்பினார். மூன்றாவது, பூக்கட்டுபவரின் மகள். அழுதுகொண்டே சொன்னாள்: “தெரியாட்டா இடக்கைதான் தூக்கணும்ணு சாருமாரு சொல்லித்தந்தாவ.” இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. சாயங்காலத்துக்குள் இருவரும் தனித்தனியே ஆங்கிலத்தில் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டையும் நான்தான் எழுதினேன். என்னுடையதில், இது முழுவதும் கணக்கு வாத்தியாரின் ஏற்பாடு, எனக்கு இன்றுதான் தெரியும் என்று எழுதினேன். அவருடையதில், அதையே அவர் ஒப்புக்கொள்வதாக எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அழகான கையெழுத்தில் அதைப் படியெடுத்தார். பாதியில் பேனாவைத் தூக்கினார்.

“எல்லா இடத்துலயும் ‘ஐ’யா இருக்கே வே. நாம ரெண்டு பேருல்லா? ‘வீ’ வராண்டாமா?”

“ஒருத்தர் ஒப்பு போடுற கடுதாசிக்கு ‘ஐ’ தான் சரி” என்றேன்.

“அப்படியா” என்று தலையாட்டிவிட்டு மீதியையும் எழுதிக் கையொப்பம் போட்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்தைத் தவிர வேறு காரணம் எனக்கு இல்லை. இத்தனை வருஷம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

உத்தரவு வந்தது. அவருக்கு வேலை போயிற்று. எனக்கு நிரந்தரமாயிற்று; அதன் பென்ஷனில்தான் எண்பது தாண்டிய இந்த வயதிலும் சாப்பிடுகிறேன். அவர் எழுதியது என்னவென்று தலைமையாசிரியர்தான் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார். அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினார். “நடுவில நான் கேட்டேனே வே. அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா” என்றார். மடித்த தாள் ஒன்றை என் கட்டிலில் வைத்தார். அவர் பார்த்து எழுதிய என் கைப்பிரதி. “உம்ம கையெழுத்து. வேற யாரு கையிலயும் சிக்காண்டாம்.” அதைக் காட்டியிருந்தால் அவர் தப்பியிருப்பார். அவர் பஸ் ஏறியதும் நான் செய்த முதல் வேலை அதை எரித்ததுதான்.

ஐம்பத்தாறில், நம் தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வருஷம், முட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். பாறைகளுக்குப் பக்கத்தில் அவர் தன் தம்பியோடு உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. கையும் நிற்கவில்லை.

“ஆரு அண்ணே இது?” என்று தம்பி கேட்டான்.

“எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்த சாரு” என்றார், வலையைப் பார்த்தபடியே.

தம்பி சட்டென்று எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அதாலேயே ஒரு கல்லைத் துடைத்து, “இரிங்க சார், காப்பி கொண்டாரேன்” என்று ஓடினான். கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே, அவன் துடைத்துப் போட்ட கல்லில் உட்கார்ந்தேன். கருப்பட்டிக் காப்பி வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.