பன்னிரண்டு வாளிக் கிழங்கு

அன்று தோட்டத்தில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி ராணி. என் தமையன் சிவம் அண்ணை. பக்கத்துத் தோட்டத்து ஹெல்மூட், சுரங்கத்தில் வேலை செய்து பென்ஷன் எடுத்த ஜெர்மன்காரர். நாலு பேர். ஐந்தாவது ஆள் இல்லை. இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் வேறு யாரோ விளையாடியிருப்பார்கள் என்றுதான் தொடங்குகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

எனக்குப் பேய் பூதத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. முப்பது வருடமாக இங்கே ஜெர்மனியில், ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் அதிகாலை வேலை. ஒரு பேயும் வந்து மாவு குழைத்துத் தந்ததில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. மழைக்கு நெல், கோடைக்குப் புகையிலையும் வெங்காயமும். அங்கே களத்தில் நெல் அளக்கும்போது யாரும் கதைக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நெல் அள்ளும் ஓலைக் கடகத்தைக்கூடக் கடகம் என்று சொல்லக் கூடாது, பெருவாயன் என்றுதான் சொல்ல வேண்டும். பூதங்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்குமாம், விளங்கினால் நெல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். முதல் அளவை ஒன்று என்று எண்ணக் கூடாது, லாபம் என்று எண்ண வேண்டும். அது களத்திலேயே இருக்கும். அது பூதத்தின் பங்கு. பெரியவர்கள் செய்தார்கள், நானும் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

போன வருடம் அண்ணைக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். பிழைத்தால் இங்கே ஊன்ட்றொப்பில் இருக்கிற அம்மன் கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் பன்னிரண்டு வாளி உருளைக்கிழங்கு கொடுப்பதாக நேர்த்தி வைத்துவிட்டார். கடையில் வாங்கிக் கொடுக்க முடியாது, தன் மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தோட்டத் துண்டையே வாடகைக்கு எடுத்தோம். திருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமை அவருக்கு டொக்டரைப் பார்க்கத் தெர்மின் குறித்திருந்தார்கள், மறுபடி வெட்ட வேண்டுமா இல்லையா என்று அன்றுதான் சொல்வார்கள். நேர்த்தியில் ஒரு வாளி குறைந்தாலும் வெட்டுத்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

வேலைத்தலத்தில் மார்ஜரின் வரும் நீல வாளிகளைக் கேட்டு வாங்கிக் கழுவி வைத்திருந்தேன். பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல வெயிலுக்குள் கிண்டினோம். கடைசி வாளி நிரம்பவும் கிழங்கு முடியவும் சரியாக இருந்தது. வரம்போரம் வரிசையாக வைத்தோம்.

"முதல் வாளி இஞ்சயே இருக்கட்டும். அது லாபம்," என்றார் அண்ணை.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? ஒண்டை விட்டால் பதினொண்டுதானே. பிறகு அம்மனுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"அதை நான் பாக்கிறன். நீ சத்தம் போடாத."

"பூதம் என்ன விசா எடுத்தே ஜெர்மனிக்கு வந்தது?"

"உங்களை மாதிரித்தான், அகதி எண்டு அசூல் அடிச்சிருக்கும்," என்றாள் ராணி.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. விரலை நீட்டிச் சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று போய்ப் பதினொன்றில் நின்றது. பிசகிவிட்டேன் என்று திரும்ப எண்ணினேன். பத்து. ராணி என்னைத் தள்ளிவிட்டு எண்ணினாள். ஒன்பது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், வரிசையில் எங்கேயும் இடைவெளி இல்லை, வாளிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டுதான் நின்றன, யாரும் தொடவும் இல்லை.

ஹெல்மூட்டைக் கூப்பிட்டேன். அவர் பியர் போத்தலோடு வந்து, ஐன்ஸ், ட்ஸ்வை என்று ஒவ்வொரு வாளியாகத் தட்டி எண்ணினார். எட்டு. தான் வேலியால் பார்த்தபோது பன்னிரண்டு இருந்ததே என்றார். பிறகு போத்தலை ஒருதரம் பார்த்துவிட்டு நிலத்தில் வைத்தார்.

அண்ணை நெஞ்சைப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, வாளிக்காக இல்லை, அவருக்காக.

"நீங்களே எண்ணுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றார். நாங்கள் வாயை மூடினோம். ஹெல்மூட் எதற்கென்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினார். அண்ணை முதல் வாளியைத் தொட்டு, லாபம் என்றார். பிறகு ரெண்டு, மூண்டு. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசி வாளியில் கை வைத்துப் பன்னிரண்டு என்றார்.

முதல் வாளியை மண்ணிலேயே விட்டோம். மிச்சம் பதினொன்றையும் காரில் ஏற்றியது நான், கதவைப் பூட்டியது நான். நேரே கோயிலுக்கு ஓடினேன், வழியில் நிற்கவில்லை.

"பதினொண்டு எண்டாலும் அம்மன் கோவிக்க மாட்டா அத்தான்," என்று அண்ணையிடம் சொன்னாள் ராணி.

"கதையாத பிள்ளை," என்றார் அண்ணை.

மடப்பள்ளியில் ஒரு அக்கா கரட் வெட்டிக்கொண்டு இருந்தார். எங்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. நான் இறக்க இறக்க அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு வாளி. சரியே?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் நீலம், எல்லாம் நான் கழுவியவை.

"ஓம் தங்கச்சி, சரி," என்றார் அண்ணை, ஏதோ கடையில் மிச்சக்காசு வாங்குகிறவர் மாதிரி.

மறுநாள் காலை தோட்டத்துக்கு ஓடினேன். நாங்கள் விட்ட வாளி விட்ட இடத்தில் நிறைந்தபடியே இருந்தது. ஹெல்மூட் அதைச் சுற்றி நடந்துதான் தண்ணீர் விட்டாராம்.

செவ்வாய்க்கிழமை டொக்டர் வெட்டத் தேவையில்லை என்றுவிட்டார். அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று தரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டார். ஹெல்மூட் இப்போது தன் பாத்தியில் முட்டைக்கோவாவை எண்ணும்போது, "லாபம், ட்ஸ்வை, ட்ரை" என்றுதான் எண்ணுகிறார். கேட்டால், செலவில்லாத காரியம்தானே என்கிறார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. ஒன்றுதான் எனக்கு இன்னும் சரிவரவில்லை. கோயிலில் இருந்து வந்த வாளிகளையும் தோட்டத்து வாளியையும் கழுவி நிலவறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். வேலைத்தலத்தில் இப்போது வெள்ளை வாளிதான் வருகிறது, நீலம் நின்றுவிட்டது. நான் கொண்டுவந்தது பன்னிரண்டு. நேற்றும் கீழே போய், லாபம் என்று தொடங்கி எண்ணிப் பார்த்தேன்.

பதின்மூன்று.