காலி பெஞ்சில் ஒரு கட்டம்

மவுஸைத் தொடுவதற்கு முன் ஆள்காட்டி விரலைக் கைக்குட்டையில் ஒருமுறை துடைத்துக்கொள்கிறாள். தெருக் கேமராக்கள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஆள் இருக்கும் இடத்தில் கணினியே உத்தேசமாக ஒரு கட்டம் போட்டிருக்கும். சரியென்றால் ஓகே கொடுக்க வேண்டும். தப்பென்றால் அழிக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாத கார்கள் மனிதரை அடையாளம் காண இப்படித்தான் பழகுகின்றன. ஒரு நாளைக்கு மூவாயிரம் படம்.

குடைக்குப் பின்னால் தெரியும் அரைத் தோளைக்கூட விடமாட்டாள். வேலை நடக்கும் கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். கடைத்தெருவில் நடக்கும்போதும் எதிரே வருகிறவர்களைச் சுற்றி மனசு கட்டம் போடுகிறதாம். கூடத்துச் சுவரில், 'நாட்டின் வளர்ச்சி உங்கள் விரல் நுனியில்' என்று ஒட்டியிருக்கிறார்கள். வேலை போய் எட்டு மாதமாக வீட்டில் இருக்கும் கணவர் அதைச் சொல்லியே வம்பிழுப்பார்: "நாட்டை வளத்தது போதும், வந்து ரெண்டு வாய் சாப்பிடும்மா."

ஒரே படம் மூன்று பேருக்குப் போகும். இரண்டு பேர் சொன்னதுதான் உண்மை. மாற்றிச் சொன்னவர் மார்க் குறையும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால், மறுநாள் காலையில் அடையாள அட்டையைக் காட்டினாலும் வாசல் கதவு திறக்காது.

போன வாரம் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. பட்டப்பகல். காலி பெஞ்ச். அதன் இடது ஓரத்தில், ஆள் உட்கார்ந்தால் இருக்கும் உயரத்துக்கு ஒரு கட்டம். அழித்தாள். தப்பு என்று வந்தது. மறுநாளும் அதே பெஞ்ச், அதே கட்டம். வெளிச்சம் மட்டும் வேறு. அழித்தாள். தப்பு. வாரம் முழுக்க அந்தப் பெஞ்ச் அவளை விடவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டாள். "அக்கா, அந்த பெஞ்சுல யாரு இருக்காங்கன்னு ஓகே குடுக்குறீங்க?"

"யாருடி பாத்தா? கட்டம் இருந்துச்சு, தட்டி விட்டேன். உன்னை மாதிரி உத்து உத்துப் பாத்தா மூவாயிரம் முடிஞ்ச மாதிரிதான்!" சிரித்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மொதல்லதான் ஒண்ணும் தெரியல. இப்போ தெரியறாரு."

இன்று காலை மார்க் சரியாகத் தொண்ணூற்றைந்து. பதினோரு மணிக்கு அந்தப் பெஞ்ச் வந்தது. திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சுற்றிலும் மவுஸ்களின் டிக், டிக். அவள் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கட்டத்தின் அடிக்கோட்டைப் பிடித்து, கால்களும் உள்ளே அடங்கும்படி கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு, ஓகே கொடுத்தாள்.